பத்துக் காசுப் போத்தல்

பூன் லே பிளேஸ் சந்தைக்குப் பின்னாலுள்ள புளோக்குகளில் காலை எட்டு மணிவாக்கில் ஒரு சீன மூதாட்டி தள்ளுவண்டியோடு வருவார். நீலநிற மறுசுழற்சித் தொட்டிக்குள் தலையை நுழைத்துத் துழாவுவார். பான டின் கிடைத்தால் தரையில் போட்டு ஒரே மிதி, தட்டையானதும் பைக்குள் போய்விடும். அட்டைப்பெட்டி கிடைத்தால் மடித்து வண்டியில் அடுக்குவார். பிளாஸ்டிக் போத்தல் தட்டுப்பட்டால் அதைத் தூக்கி, அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே போட்டுவிடுவார்.

வயதில் என் அம்மாவைவிட மூத்தவர். சிங்கப்பூரின் மறுசுழற்சிக் கணக்கை இவரைப்போல் துல்லியமாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. காராங் கூனிக்காரர் அலுமினியத்தை எடைபோட்டுக் காசு கொடுப்பார். அட்டைக்கும் ஏதோ கொடுப்பார். காலிப் போத்தலை யாரும் வாங்குவதில்லை. 2022-இல் சிங்கப்பூரில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு ஏறத்தாழ 10 லட்சம் டன். அதில் மறுசுழற்சிக்குப் போனது 6 விழுக்காடு. மூதாட்டி திரும்பப் போட்டுவிட்டுப் போனதுதான் மீதி 94.

அந்த 94 எங்கே போகிறது என்று தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். பூன் லேயிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் போகும் அதே துவாஸில்தான் எரியாலைகள் இருக்கின்றன. எரித்தால் குப்பையின் கன அளவு 90 விழுக்காடு குறையும், அந்த வெப்பத்தில் மின்சாரமும் கிடைக்கும். மிஞ்சும் சாம்பலும் எரிக்க முடியாத கழிவும் துவாஸ் கரையிலிருந்து படகில் தெற்கே செமாக்காவ் தீவுக்குப் போகின்றன. லோரோங் ஹலுஸ் குப்பைமேடு நிரம்பி மூடப்பட்ட மறுநாள், 1999 ஏப்ரல் 1 அன்று, கடலுக்குள் ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குக் கற்சுவர் எழுப்பிக் கட்டிய இந்தச் சாம்பல் குளம் திறக்கப்பட்டது. இந்த நாட்டில் குப்பை கொட்ட இருக்கும் ஒரே இடம் இதுதான். இப்போது போகிற வேகத்தில் போனால் 2035 வாக்கில் அதுவும் நிரம்பிவிடும் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. அடுத்த தீவு ஒன்றும் கைவசம் இல்லை.

எரிப்பதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. போத்தல் பிளாஸ்டிக்கின் எடையில் 62 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கரிமம். கச்சா எண்ணெயிலிருந்து வந்த கரிமம் அது. 20 கிராம் எடையுள்ள ஒரு போத்தலை முழுவதுமாக எரித்தால் 46 கிராம் கரிமவாயு வெளியேறும். சாம்பல் மிஞ்சாததால் செமாக்காவுக்குப் பாரம் குறைவுதான். அந்தப் பாரம் காற்றுக்கு மாறிவிடுகிறது.

இந்தப் பொருள் எரிக்கத்தக்க மலிவுச் சரக்கு இல்லை என்பதை அது உண்டாகும் விதத்தைப் பார்த்தால் தெரியும்.

பூன் லே என்ற பெயர் சியூ பூன் லே என்ற தோட்ட முதலாளியிடமிருந்து வந்தது. காம்பியரும் மிளகும் பயிரிட்டு, பின்னாளில் ரப்பருக்கு மாறியவர். ரப்பர்ப் பாலில் இருப்பது ஒரே சிறிய அலகு ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி மூலக்கூறு. அதேபோன்ற சங்கிலியை ஆலையில் செய்ததுதான் பெட் எனப்படும் பாலிஎத்திலீன் டெரிஃப்தாலேட். 1941-இல் இங்கிலாந்தில் ஜான் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும் அதைக் கண்டுபிடித்தபோது மனத்தில் இருந்தது போத்தல் இல்லை, நூல். நம் வீட்டுப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்லும் டெரிலின் சட்டைத் துணிதான் அது. இன்றும் பாலியெஸ்டர் சட்டையும் தண்ணீர்ப் போத்தலும் வேதியியலில் ஒரே பொருள்.

நூலைப் போத்தலாக்கியவர் நத்தானியேல் வையத். டுபான்ட் நிறுவனத்தின் பொறியாளர், புகழ்பெற்ற ஓவியர் ஆண்ட்ரூ வையத்தின் அண்ணன். சோடாவைப் பிளாஸ்டிக்கில் அடைத்தால் வெடித்துவிடும் என்று யாரோ சொல்ல, சலவைத் திரவம் வந்த பிளாஸ்டிக் போத்தலில் இஞ்சிச் சோடாவை ஊற்றி வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துப் பார்த்தாராம். காலையில் போத்தல் ஊதிப் பெருத்துத் தட்டுகளுக்கிடையே சிக்கிக்கொண்டு கிடந்தது. சாதாரணப் பிளாஸ்டிக்கில் சங்கிலிகள் கொட்டிவைத்த இடியாப்பம்போல் தாறுமாறாகக் கிடக்கும். உள்ளிருந்து வாயு தள்ளினால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். நூல் நூற்கும்போது இழுப்பதால் சங்கிலிகள் ஒரே திசையில் அணிவகுத்து வலுப்பெறுவதை வையத் அறிந்திருந்தார். நூலை ஒரு திசையில் இழுத்தால் போதும். போத்தலை நெடுக்கிலும் குறுக்கிலும் இழுக்க வேண்டும்.

இன்றும் அதுதான் முறை. முதலில் சோதனைக்குழாய் போன்ற தடித்த குட்டிக் குழல் ஒன்றை வார்க்கிறார்கள். கழுத்தும் மூடித் திருகும் அப்போதே முழு உருவில் இருக்கும். அதை ஏறத்தாழ 100 டிகிரிக்குச் சூடாக்கி, உள்ளே ஒரு கம்பியை விட்டு நீளவாக்கில் இழுத்தபடியே அழுத்தக் காற்றை ஊதினால், பலூன்போல் விரிந்து அச்சின் வடிவம் பெறும். சங்கிலிகள் இரு திசையிலும் வரிசைகட்டி நின்றுவிடுவதால், தாள்போல் மெல்லிய சுவர் நான்கு வளிமண்டல அளவு அழுத்தத்தைத் தாங்குகிறது, கரிமவாயுவும் சீக்கிரம் கசிவதில்லை. சோடாப் போத்தலின் அடியில் ஐந்து விரல்போல் இருக்கும் பாதங்கள் அழகுக்கு வைத்தவை இல்லை. அழுத்தத்தில் அடிப்பாகம் வெளியே பிதுங்கிப் போத்தல் சாயாமல் இருக்க அந்த வடிவம். 1973-இல் வையத்துக்குக் காப்புரிமை கிடைத்தது.

இவ்வளவு நுட்பம் நிறைந்த பொருளைப் பத்து நிமிடம் கையில் வைத்திருந்துவிட்டுத் தொட்டியில் போடுகிறோம். போட்டபின் அது மீண்டும் போத்தலாக முடியுமா? முடியும். அதற்குச் சுத்தம் வேண்டும்.

மறுசுழற்சி ஆலைக்கு வரும் போத்தலை முதலில் செதில் செதிலாக நறுக்கித் தண்ணீரில் கொட்டுவார்கள். பெட்டின் அடர்த்தி 1.38, தண்ணீரில் மூழ்கும். மூடி செய்யப்படும் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். நெல்லைத் தண்ணீரில் போட்டுப் பதரை நீக்குவதுபோல் இந்தக் கட்டம் எளிதாக முடிந்துவிடுகிறது. சிக்கல் பிவிசியால் வரும். அதன் அடர்த்தியும் ஏறத்தாழ அதேதான், பெட்டோடு சேர்ந்தே மூழ்கிவிடும். பெட் உருக 250 டிகிரிக்கு மேல் சூடு தேவை. அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கும், அமிலம் பெட் சங்கிலிகளை வெட்டும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிவிசி கலந்தாலே உருகிய பெட் மஞ்சளாகிக் கெட்டுவிடும்.

ஈரமும் அப்படித்தான். உருகிய பெட்டில் துளி நீர் இருந்தாலும் அது சங்கிலியின் கண்ணிகளைப் பிரித்துவிடும். செதில்களை ஈரப்பசையே இல்லாமல் காயவைத்துத்தான் உருக்குவார்கள். அப்படியும் ஒவ்வொரு முறை உருக்கும்போதும் சங்கிலிகள் கொஞ்சம் குட்டையாகும். குட்டைச் சங்கிலியால் துணி இழை செய்யலாம், சோடாவைத் தாங்கும் போத்தல் செய்ய முடியாது. இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். உருகாத அளவுச் சூட்டில், ஏறத்தாழ 200 டிகிரியில், காற்றில்லாத கலத்தில் மணிக்கணக்கில் வைத்திருந்தால் அறுந்த முனைகள் மறுபடி கைகோத்துக்கொள்ளும். சங்கிலி நீளும். பழைய போத்தல் புதிய போத்தலாகும்.

இப்போது பூன் லே நீலத்தொட்டிக்குத் திரும்புவோம். 2014 முதல் வீவக புளோக் ஒவ்வொன்றின் கீழும் ஒன்று நிற்கிறது. காகிதம், கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வாய். நாசி லெமாக் எண்ணெய் படிந்த பொட்டலத்தாள், பாதி குடித்த சிராப் பண்டுங், யாரோ வீசிய பழைய செருப்பு எல்லாம் அதற்குள் கலக்கும். தொட்டிகளில் சேர்வதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு உதவாது என்று தேசிய சுற்றுப்புற வாரியம் பலமுறை கூறியிருக்கிறது. மேலே சொன்ன வேதியியலைத் தெரிந்தவருக்கு இது வெறும் அழுக்குப் பிரச்சினையாகத் தெரியாது. கலந்த கணத்திலேயே போத்தல் மூலப்பொருள் என்ற தகுதியை இழக்கிறது. அதனால் அதை வாங்க ஆளில்லை. அதனால்தான் மூதாட்டி அதை எடுத்துப் போவதில்லை.

வாங்கிக் குடிப்பவரைப் பார்த்து ஒழுங்காகக் கழுவிப் போடுங்கள் என்று சொல்லிச் சொல்லி ஆண்டுகள் ஓடிவிட்டன. பூன் லே பேருந்து நிலையத்தில் இரவு ஒன்பது மணிக்குத் துவாஸ் விடுதிக்குப் போக வரிசையில் நிற்கும் தஞ்சாவூர்த் தம்பியிடம் போய், குடித்த போத்தலை எங்கே கழுவினாய் என்று கேட்க எனக்கு மனம் வராது. பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர். போத்தலை உருவாக்கியவருக்கு, எவ்வளவு கனத்தில் எந்த நிறத்தில் எந்த ஒட்டுத்தாளோடு விற்பது என்று முடிவெடுத்தவருக்கு, அது திரும்பி வருவதில் பங்கு வேண்டாமா?

சிங்கப்பூர் இந்தக் கேள்வியை முதலில் மெதுவாகத்தான் கேட்டது. 2007-இல் நிறுவனங்கள் விரும்பிச் சேரும் பொட்டல உடன்பாடு வந்தது. சில நிறுவனங்கள் போத்தலின் எடையைக் குறைத்தன, அட்டையின் தடிப்பைக் குறைத்தன. செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும், செய்யாதவர்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. 2019-இல் வந்த வளங்கள் நீடித்த நிலைத்தன்மைச் சட்டத்தில் குரல் மாறியது. ஆண்டு வருமானம் ஒரு கோடி வெள்ளிக்கு மேலுள்ள நிறுவனங்கள் எவ்வளவு பொட்டலப் பொருளைச் சந்தையில் இறக்குகின்றன என்று கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. பானக் கலன்களைத் திரும்பப் பெறுவது, பானங்களைத் தயாரிப்பவர்கள், இறக்குமதி செய்பவர்கள் தலையில் சட்டப்படி ஏறியது.

150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையுள்ள பிளாஸ்டிக் போத்தல், உலோக டின் ஒவ்வொன்றின் விலையிலும் 10 காசு முன்பணம் சேரும். காலிக் கலனைத் திருப்பித் தந்தால் 10 காசும் திரும்பி வரும். விற்றதில் 80 விழுக்காடு திரும்பி வர வேண்டும் என்பது இலக்கு. 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பேரங்காடிகள் திருப்பித்தரும் இடம் அமைத்துத் தர வேண்டும். கோக்கா-கோலா சிங்கப்பூர், எஃப் அண்ட் என் ஃபூட்ஸ், போக்கா மூன்றும் சேர்ந்து இதற்கென ஒரு நிறுவனத்தை அமைத்தன. 2025 ஏப்ரல் 1 என்று குறித்திருந்த தொடக்கம், தொழில்துறைக்குக் கூடுதல் அவகாசம் தந்து 2026 ஏப்ரல் 1-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. பழைய சரக்கு விற்றுத்தீர அதே ஆண்டு செப்டம்பர் முடிவு வரை இடைக்காலமும் உண்டு.

பத்துக் காசுக்கு என்ன கிடைக்கும் இந்தக் காலத்தில் என்று கேட்கத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிராம் போத்தல் என்றால் ஒரு டன்னுக்கு 50,000 போத்தல். அதன்மேல் ஏறியிருக்கும் முன்பணம் 5,000 வெள்ளி. பழைய பெட் பிளாஸ்டிக்கின் சந்தை விலை அதன் அருகில்கூட வராது. எடைக்கு விலையில்லாத ஒரு பொருளுக்கு எண்ணிக்கையால் விலை வைத்துவிடுகிறது இந்தத் திட்டம்.

மனித மனத்தின் கணக்கும் இதில் சேர்கிறது. 2019 அக்டோபரில் தேசிய சுற்றுப்புற வாரியமும் எஃப் அண்ட் என் நிறுவனமும் சேர்ந்து போத்தல் வாங்கும் இயந்திரங்களை வைத்தபோது, போடுபவருக்குப் பரிசாகத் தள்ளுபடிச் சீட்டு கிடைத்தது. பரிசு கொடுப்பதும் முன்பணத்தைத் திருப்பித் தருவதும் தொகையில் ஒன்றாக இருக்கலாம், மனத்தில் ஒன்றில்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில் மாண்ட்கோமரி வட்டாரத்தில் 2012-இல் கடைப்பைக்கு 5 காசு வரி வந்தபோது டாட்டியானா ஹோமனாஃப் என்ற பொருளியலாளர் அதை ஆராய்ந்தார். சொந்தப் பை கொண்டுவந்தால் 5 காசு பரிசு என்ற ஏற்பாடு ஏறக்குறைய யாரையும் மாற்றவில்லை. பை எடுத்தால் 5 காசு போகும் என்றதும் பை பயன்படுத்துவோர் பங்கு 40 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கும் மேல் சரிந்தது. வராத காசைவிடப் போகிற காசு உறைக்கும். முன்பணம் ஏற்கெனவே நம் பையிலிருந்து போன காசு. அதைக் குப்பையில் போட யாருக்கும் கை வராது.

அப்படி வரும் போத்தலை இயந்திரம் எப்படி அறிகிறது? பட்டைக்குறியை ஒளியால் வாசிக்கிறது, உருவத்தைச் சரிபார்க்கிறது, பதிவேட்டில் உள்ள கலனா என்று ஒப்பிடுகிறது. ஜோகூர் பாருவில் வாங்கிய போத்தலைப் பாலம் தாண்டிக் கொண்டுவந்து இங்கே காசு கேட்டால் திட்டம் திவாலாகிவிடும். அதனால் முன்பணக் குறி உள்ளதைத் தவிர வேறெதையும் வாங்காது. ஏற்ற போத்தலை நசுக்கிவிட்டால் மறுமுறை காசு கேட்க முடியாது, காற்றை லாரியில் ஏற்றிச் சுமக்கவும் வேண்டாம். நார்வேயில் பிளான்கே சகோதரர்கள் 1972-இல் ஒரு மளிகைக்காரருக்காகச் செய்துகொடுத்த கருவியிலிருந்து வளர்ந்த தொழில் இது. வேதியியல் கேட்ட சுத்தத்தை இந்த வாசல் தந்துவிடுகிறது: செருப்பு வராது, நாசி லெமாக் வராது, பானப் போத்தலும் டின்னும் தவிர எதுவும் வராது.

முன்பணத்தை உயர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கும் அனுபவம் உண்டு. அமெரிக்காவில் முதலில் போத்தல் சட்டம் கொண்டுவந்தது ஓரிகன், 1971-இல். 5 காசு முன்பணம். விலைவாசி ஏற ஏற அந்த 5 காசு மதிப்பிழந்து, திரும்பும் போத்தல் குறைந்தது. 2017-இல் 10 காசாக்கினார்கள், போத்தல்கள் திரும்பின. லித்துவேனியாவில் 2016-இல் தொடங்கிய இரண்டே ஆண்டுகளில் பத்தில் ஒன்பது போத்தல் திரும்பியது. ஜெர்மனியில் 25 காசு, கிட்டத்தட்ட எல்லாமே திரும்புகின்றன. சிங்கப்பூர் முதலில் 10 முதல் 20 காசு வரை என்று கருத்துக் கேட்டது. கடைசியில் கீழ்முனையில் நின்றுவிட்டது. 20 வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

நமக்குப் பக்கத்து உதாரணம் நீலகிரி. காட்டோரம் உடைத்து எறியப்பட்ட மதுப் பாட்டில்களால் யானைகளின் பாதம் கிழிகிறது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அழுத்தம் கொடுத்ததால், 2022 மே மாதம் முதல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பித் தரத் தொடங்கினார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. விற்பவர் ஒரே அரசு நிறுவனம் என்பதால் அழுத்த வேண்டிய இடம் தெளிவாக இருந்தது. பிற மாவட்டங்களுக்குப் பரவியபோது, இடமும் ஆளும் போதவில்லை என்று கடை ஊழியர்கள் போராடினார்கள். அவர்கள் குறை நியாயமானது. திரும்பி வரும் பாட்டிலை எண்ணவும் அடுக்கவும் ஒருவர் நிற்க வேண்டும், அவருக்கான கூலியையும் திட்டத்தின் கணக்கில் எழுத வேண்டும்.

சிங்கப்பூர்த் திட்டத்தில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. திரும்ப வாங்கப்படாத பத்துக் காசுகள் திட்டத்தை நடத்தும் நிறுவனத்திடமே தங்கி, நடத்தும் செலவுக்குப் பயன்படும். போத்தல் வராவிட்டால் நடத்துபவருக்குச் செலவு குறையும் என்றால், வரவைக்க அவருக்கு என்ன அவசரம்? அந்த இடத்தில்தான் 80 விழுக்காடு என்ற இலக்கைக் கையில் பிரம்புபோல் பிடித்திருக்க வேண்டியது அரசின் வேலை. நார்வே இதை வேறுவிதமாகக் கட்டியது. ஒவ்வொரு கலனுக்கும் தயாரிப்பாளர் சுற்றுச்சூழல் வரி கட்ட வேண்டும். கலன்கள் திரும்பும் அளவு 25 விழுக்காட்டைத் தாண்டியதும் வரி குறையத் தொடங்கும், 95-ஐ எட்டினால் அந்த வரியே கிடையாது. அங்கே போத்தல் திரும்பினால் லாபம் நிறுவனத்துக்கு. நிறுவனம் தானே ஓடியாடி வேலை பார்க்கிறது.

இன்னொன்று. திரும்ப வாங்குவது வேறு, குறைப்பது வேறு. முன்பணத்தால் போத்தலின் எண்ணிக்கை குறையாது. அரை லிட்டர்த் தண்ணீர்ப் போத்தல் ஒரு காலத்தில் 20 கிராமை ஒட்டி இருந்தது, இன்று 10 கிராமுக்குக் கீழேயும் செய்கிறார்கள், கழுத்துத் திருகைக் குட்டையாக்கியே ஒரு கிராமுக்கு மேல் மிச்சம் பிடித்தார்கள். நிறத்திலும் கைவைக்கலாம். பச்சைப் போத்தலை உருக்கினால் பச்சைதான் வரும், அதற்கு வாங்குபவர் குறைவு. ஜப்பானில் பான நிறுவனங்கள் நிறமற்ற பெட் போத்தல் மட்டுமே என்று தமக்குத் தாமே விதி வைத்துக்கொண்டன. ஸ்பிரைட் 2019-இல் பிலிப்பீன்சில் தொடங்கிப் பச்சையைக் கைவிட்டது. இந்தியா 2022-இல் கொண்டுவந்த விதிகள் கெட்டிப் பிளாஸ்டிக் பொட்டலங்களில் மறுசுழற்சிப் பொருள் இவ்வளவு இருக்க வேண்டும் என்று ஆண்டுவாரியாக நிர்ணயிக்கின்றன. இப்படிக் கட்டாயம் வந்தால்தான் பழைய பெட்டைத் தேடி வாங்க ஆள் வருவார்.

இன்னும் பழைய வழியும் இருந்தது. எஃப் அண்ட் என் நிறுவனத்தின் முன்னோடி 1883-இல் இங்கே சோடா விற்கத் தொடங்கியபோதும், அதன்பின் பல்லாண்டுகளும், பானம் வந்தது கண்ணாடிப் போத்தலில்தான். பெருநாளுக்குப் பெட்டி பெட்டியாக வரும், காலிப் போத்தலைக் கடையில் கொடுத்தால் முன்பணம் திரும்பும், அதே போத்தலைக் கழுவி மறுபடி நிரப்புவார்கள். விருதுநகரில் 1916-இல் பிறந்த காளிமார்க்கின் போத்தலும், குண்டு உருளும் கோலி சோடாவும் அப்படித்தான் ஊர் சுற்றின. நறுக்கி உருக்கிக் காயவைத்து நீட்டும் வேலை ஒன்றும் இல்லாமல் ஒரே போத்தல் பலமுறை உழைத்தது. எடை கூடுதல், உடையும், கழுவத் தண்ணீர் வேண்டும். ஆனாலும் சின்னத் தீவில், சில கிலோமீட்டருக்குள் ஆலையும் கடையும் வீடும் இருக்கும் ஊரில், அதை மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கத் தகுதி உண்டு என்று நம்புகிறேன். இந்தத் திட்டத்தில் கண்ணாடிக்கே இடமில்லை. அட்டைப்பெட்டிப் பானங்களுக்கும் இல்லை.

பூன் லே உணவங்காடியில் மாலை நேரத்தில் தே தாரிக் வாங்கி டாபாவ் செய்கிறவர்களைப் பார்க்கலாம். கொதிக்கக் கொதிக்க மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி, சிவப்புக் கயிற்றால் முடிந்து, ஓர் உறிஞ்சுகுழலைச் செருகித் தருவார்கள். அதற்கு முன்பணம் கிடையாது, பட்டைக்குறி கிடையாது, பின்னால் நிறுத்திக் கேட்கப் பெரிய நிறுவனமும் கிடையாது. போன வாரம் எனக்கு முன்னால் நின்ற தம்பி ஒருவர் பையிலிருந்து எவர்சில்வர் ஃபிளாஸ்க்கை எடுத்து நீட்டினார். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் வாங்கி நிரப்பிவிட்டு, "அண்ணே, நுரை மேல வரைக்கும் ஊத்தியிருக்கேன், மூடியைப் பாத்துத் திறங்க" என்றார்.